எனக்குக் கேட்கவில்லை

விக்டோரியாவின் வேலை கேட்பது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புக் கம்பி உருட்டும் இரண்டு ஆலைகளுக்கு நடுவே இருந்த ஒரு ஸ்பீக்கர் கம்பெனியில் பதினோரு வருடமாக அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். லைனின் கடைசியில் சுவரெல்லாம் தடித்த நுரைப்பஞ்சு ஒட்டிய சின்ன அறை. செய்து முடித்த ஸ்பீக்கர் ஒவ்வொன்றாக அவள் முன்னால் வந்து நிற்கும். அடிக்குரலில் தொடங்கிக் காது கூசும் உச்சிவரை ஏறுகிற ஒற்றை ஓசையை அதில் ஓடவிடுவார்கள். நான்கு நொடி. அதற்குள் உள்ளே காயில் என்கிற கம்பிச் சுருள் உரசுகிறதா, பசை விட்டிருக்கிறதா, கம்பி தளர்ந்து அதிர்கிறதா என்று சொல்லிவிட வேண்டும். நல்லது என்றால் பச்சைப் பொத்தான், கெட்டது என்றால் சிவப்பு. ஒரு ஷிப்டுக்கு அறுநூறு ஸ்பீக்கர்.

கணவன் அன்புராஜ் பக்கத்துக் கம்பி ஆலையில் இருந்தான். இருபது வருட இரும்புச் சத்தத்தில் அவனுக்குக் காது பாதிக்குமேல் போய்விட்டது. காலையில் இருவரும் கவரைப்பேட்டையில் ஒரே ரயிலில் ஏறுவார்கள். ரயிலில் அவள் அவனிடம் எதுவும் பேசமாட்டாள். பேசினால் பெட்டி முழுக்கக் கேட்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் கம்பெனி ஒரு சோதனை இயந்திரம் வாங்கியது. இனிமேல் காதுக்கு வேலையில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கார் கம்பெனி ஒன்றுக்குப் போகவேண்டிய சரக்கில் இயந்திரம் நல்லது என்று விட்ட நாற்பத்திரண்டு ஸ்பீக்கரை விக்டோரியா தனியாக எடுத்து வைத்தாள். "மெஷினுக்கே கேக்காதது உனக்குக் கேக்குதாம்மா?" என்று இன்ஜினியர் சிரித்தார். அறுத்துப் பார்த்தபோது காயில் ஓடும் இடுக்கில் மணலைவிடப் பொடியான இரும்புத் துகள் இருந்தது, நாற்பத்திரண்டிலும். ஏதோ ஒரு ஜன்னலை யாரோ சரியாக மூடவில்லை. அந்தக் காற்றில் இரும்புக்குப் பஞ்சமா? அன்றிலிருந்து கம்பெனியில் அவளுக்குக் 'காதுக்கா' என்று பெயர் வந்தது. சிரித்த இன்ஜினியரும் அப்படித்தான் கூப்பிட்டார். அவளுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

கம்பெனியை அப்போது நடத்திவந்தவர் முதலாளியின் மகன் பரணிதரன். நாற்பது வயதிருக்கும். பாட்டு என்றால் உயிர். வீட்டில் ஒரு அறை முழுக்க வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயர் அடுக்கி வைத்திருக்கிறார் என்பார்கள். ஸ்பீக்கரோடு நிற்காமல் கம்பெனி ஆம்ப்ளிஃபயரும் செய்ய ஆரம்பித்தது அவரால்தான். முதலில் சாதாரண மாடல் ஒன்று வந்தது. அடுத்து 'கோல்டு' என்று ஒன்றைத் தயார் செய்தார். சர்க்யூட் அதேதான். உள்ளே போடும் கெப்பாசிட்டரும் ஒயரும் மட்டும் ஜப்பானிலிருந்து வந்தவை. விலை மூன்று மடங்கு.

பிப்ரவரியில் ஒரு நாள் பரணிதரன் விக்டோரியாவையும், அவளோடு கேட்கும் வேலை செய்த ரம்யாவையும் டெமோ அறைக்கு அழைத்தார். மெத்தை நாற்காலி, ஏசி, எதிரே பெரிய ஸ்பீக்கர் இரண்டு. நடுவே ஒரு பெட்டியில் இரண்டு பொத்தானும் இரண்டு விளக்கும் இருந்தன. வெள்ளை விளக்கு எரிந்தால் பாடுவது பழைய மாடல், மஞ்சள் எரிந்தால் கோல்டு.

"அவசரமில்லை. நிதானமா கேளுங்க. இந்தக் கம்பெனியில உங்களைவிட நல்ல காது யாருக்கும் கிடையாது, எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றார் பரணிதரன்.

ஒரு பெண் வீணையோடு பாடிக்கொண்டிருந்தாள். பரணிதரன் வெள்ளையை அழுத்தினார். பிறகு மஞ்சளை. மஞ்சள் எரிந்த நொடியில் விக்டோரியா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாடுகிறவள் ஒரு அடி முன்னால் வந்து நின்றதுபோல இருந்தது. வீணைக் கம்பியை விரல் விடுகிற சின்னச் சத்தம்கூட விழுந்தது. மறுபடி வெள்ளை, எல்லாம் மங்கியது. மறுபடி மஞ்சள்.

"தெரியுதா?"

"நல்லா தெரியுது சார். மழை பேஞ்சு வுட்டப்புறம் ஊரு பளிச்சுன்னு தெரியுமே, அந்த மாரி கீது."

பரணிதரன் கைதட்டிவிட்டார். ரம்யாவும் "ஆமாம் சார், அக்கா சொல்றா மாரிதான்" என்றாள். அந்த வாக்கியத்தை அவர் உடனே போனில் எழுதிக்கொண்டார். நான்கு நாளில் போட்டோ எடுக்க ஆள் வந்தது. கோல்டு பெட்டியின் பக்கவாட்டில் விக்டோரியாவின் முகமும், 'மழை விட்ட பிறகு ஊர் தெரிவதுபோல' என்ற வரியும், 'பதினோரு ஆண்டு பயிற்சி பெற்ற செவி' என்ற பட்டமும் வரப்போவதாகச் சொன்னார்கள். அன்று மாலை ஸ்டேஷனில் அவள் அன்புராஜின் காதருகே குனிந்து கத்தினாள்: "என் மூஞ்சி பொட்டி மேல வரப்போவுது!" நடைமேடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுவாரம், டீ இடைவேளையில், மெயின்டனன்ஸ் பார்க்கும் லோகு அவளைத் தேடி வந்தான். முப்பத்தைந்து வயது, இரண்டு பெண்களுக்குத் தகப்பன், யாரோடும் அதிகம் பேசாதவன். கையில் டீயை வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான்.

"க்கா, ஒண்ணு சொல்லணும். கோவப்படாத."

"இன்னா?"

"அன்னிக்கு டெமோ ரூம்ல நீ கேட்டியே, அந்த சுச்சுப் பொட்டிய நேத்து கழட்டினேன். உள்ள லைன மாத்துற ரிலே மாட்டிக்கினு கீது. வெளக்கு மட்டும்தான் மாறுது. எத்த அமுக்கினாலும் பழைய மாடல்தான் பாடும்."

"நேத்து மாட்டிக்கினு இருக்கும்."

"இல்லக்கா. பொட்டி வந்த நாள்லேந்தே அப்டிதான். ஒரு முனைல ஒயர ஒட்டுற சால்டரே வெக்கல. கோல்டுக்கு லைனே போவல."

விக்டோரியாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்தது. "அப்போ நான் கேட்டது இன்னா? பொய்யி சொல்றேன்றியா?"

"பொய்யின்னு சொல்லல. நீ கேட்டது ரெண்டு தபாவும் ஒரே மிஷினுதான்னு சொல்றேன்."

அவள் டீயைக் கீழே ஊற்றிவிட்டு அறைக்குள் போய் உட்கார்ந்தாள். அடுத்த ஸ்பீக்கர் வந்தது, ஓசை ஓடியது. பச்சையா சிவப்பா என்று முடிவெடுக்க முதல்முறையாக அவள் கை தயங்கியது. திரும்ப ஓட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பச்சையை அழுத்தினாள். அன்றைக்கு அப்படி ஏழெட்டு ஸ்பீக்கரை இரண்டாம் முறை ஓட்டச் சொன்னாள்.  ரம்யா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஷிப்டு முடிந்ததும் லோகுவைப் பிடித்தாள்.

"சுச்ச சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

"அப்போ வா. எனக்குத் தெரியாம மாத்து. நான் சொல்றேன்."

பரணிதரன் அன்று சென்னைக்குப் போயிருந்தார். டெமோ அறை திறந்துதான் கிடந்தது. ஆம்ப்ளிஃபயர், சுவிட்சுப் பெட்டி, விளக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் லோகு ஒரு தார்ப்பாயைக் கட்டிவிட்டு, தானும் அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். காசைச் சுண்டிப் போட்டு, பூ விழுந்தால் கோல்டு, தலை விழுந்தால் பழையது என்று வைத்துக்கொண்டான். பேசக்கூடாது. ஒவ்வொரு முறையும் அவன் தரையை ஒரு தட்டுத் தட்டுவான், அவள் தாளில் எழுதுவாள். இருபது முறை நடத்தினார்கள்.

சரிபார்த்தபோது பதினாறு சரியாக இருந்தது.

"பாத்தியா!" விக்டோரியா எழுந்து நின்றுவிட்டாள். "கோல்டு வேற மாரிதான் கீது. சுச்சு கெட்டுப்போயிருந்தா இன்னா, என் காது கெட்டுப் போவல!"

லோகு சந்தோஷப்படவில்லை. மீட்டரை எடுத்து இரண்டு ஆம்ப்ளிஃபயரிலும் ஸ்பீக்கருக்குப் போகும் முனையில் வைத்து அளந்தான். அவளைக் கூப்பிட்டு முள்ளைக் காட்டினான்.

"கோல்டு கொஞ்சூண்டு சத்தம் ஜாஸ்தியா வெச்சிருக்காங்க. ரெண்டுத்தயும் ஒண்ணா வெச்சிட்டுக் கேளு."

"அவ்ளோ சின்னதா?"

"சின்னதுதான். உன் காதுக்கு அது போதும்."

வால்யூமைச் சமமாக்கினான். திரும்பவும் இருபது முறை. இந்தமுறை முதல் தட்டிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரியவில்லை என்று. பாடுகிறவள் அங்கேயேதான் நின்றாள். முன்னால் வரவில்லை, பின்னால் போகவில்லை. வீணையின் விரல் சத்தம் எல்லாத் தடவையும் விழுந்தது. அவள் கண்ணை மூடினாள், மூச்சை அடக்கினாள், பதினோரு வருடமாகச் செய்வதுபோல உடம்பு முழுவதையும் காதுக்குள் கொண்டுபோய் வைத்தாள். ஒன்பது சரி, பதினொன்று தப்பு. அடுத்த நாள் மறுபடி உட்கார்ந்தாள். பதினொன்று சரி, ஒன்பது தப்பு.

"கேக்காமலே காச சுண்டி எழுதினாலும் இதான் வரும்" என்றான் லோகு.

மூன்றாம் நாள் அவளே ஒன்று சொன்னாள். நல்ல ஸ்பீக்கர் பதினைந்தும், காயில் லேசாக உரசுகிறது என்று அவள் முன்பு ஒதுக்கிய ஸ்பீக்கர் ஐந்தும் எடுத்துவரச் சொன்னாள். அதே தார்ப்பாய்க்குப் பின்னால் கலந்து வைத்து ஓட்டச் சொன்னாள். நெற்றியில் வியர்வை அரும்ப உட்கார்ந்து கேட்டாள். இருபதும் சரி. தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இரவு சாப்பிடும்போது அன்புராஜிடம் எல்லாவற்றையும் கத்திச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். தன் காதால் ஏமாந்தது அவமானம் என்றாள். இப்போது போய் 'கேட்கவில்லை' என்று சொன்னால் காதுக்கா என்ற பெயர் போய்விடும், கம்பெனி சிரிக்கும் என்றாள்.

அன்புராஜ் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டான். "கேக்கலன்னா கேக்கலன்னு சொல்றதுல இன்னா வெக்கம்மே? நான் டெய்லி சொல்றேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவன் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. பஸ் கண்டக்டரிடம், டாக்டரிடம், பிள்ளையின் பள்ளியில், எங்கு போனாலும் அவன் முதலில் சொல்வது அதுதான். யார் முகத்தைச் சுளித்தாலும் இன்னொரு முறையும் சொல்வான்.

திங்கட்கிழமை பரணிதரன் அவளை அழைத்து ஒரு தாளை நீட்டினார். கோல்டு மாடலைக் கேட்டு, பழைய மாடலோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் தெளிவாக உணர்ந்தேன் என்று அதில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருந்தது. கீழே கையெழுத்துப் போட இடம். டீலர்களுக்குக் கொடுக்க வேண்டுமாம்.

விக்டோரியா பேனாவை வாங்கினாள். அச்சான வரிகளுக்குக் கீழே 'எனக்குக் கேட்கவில்லை' என்று பெரிய எழுத்தில் எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

பரணிதரன் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "என்னம்மா இது?"

அவள் ரிலேவைப் பற்றிச் சொன்னாள். தார்ப்பாயைப் பற்றி, காசு சுண்டியது பற்றி, மீட்டரில் கோல்டு கொஞ்சம் கூடுதலாக நின்றது பற்றி எல்லாம் சொன்னாள். லோகுவின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

"பரீட்சை மாதிரி உட்காந்து கேட்டா யாருக்கும் டென்ஷன்ல ஒண்ணும் தெரியாது. பாட்டை அனுபவிச்சுக் கேக்கணும். அன்னிக்கு நீங்களே சொன்னீங்க, மழை விட்ட மாதிரின்னு. உங்க வார்த்தைதானே அது?" என்றார் பரணிதரன்.

"என் வார்த்தைதான் சார். தப்பா சொல்லிட்டேன்."

"ரம்யாவுக்கும் கேட்டுச்சே?"

"அத்த அவளாண்டதான் கேக்கணும்."

"எனக்குக் கேக்குது, விக்டோரியா. வீட்டுல தினமும் கேக்குறேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் அவள் அடுத்ததைச் சொன்னாள். "எனக்கும் அன்னிக்கு நல்லாதான் கேட்டுச்சு சார். மிஷினு மாறாமயே கேட்டுச்சு. நீங்களும் ஒரு தபா மூடி வெச்சிட்டுக் கேளுங்க."

பரணிதரனின் முகம் மாறிவிட்டது. "எனக்கு யாரும் டெஸ்ட் வைக்க வேண்டியதில்லை. உங்க காதைத்தான் டெஸ்ட் பண்ணணும்போல."

பண்ணினார்கள். திருவள்ளூரில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கண்ணாடி அறைக்குள் அவளை உட்காரவைத்து, மெல்லிய ஓசைகளை ஒவ்வொன்றாக விட்டார்கள். வயதுக்கு மிக நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை அவள் அலுவலகத்தில் கொடுத்த அன்றே, காதுக்கு ஓய்வு தேவை என்று சொல்லி அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

மதியம் ரம்யா பேக்கிங் பக்கம் வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"க்கா, எனக்கு அன்னிக்கு ஒண்ணுமே தெர்ல. நீ நிமிந்து உக்காந்த. அத்த பாத்துட்டு எனக்கும் கேக்குறா மாரி இருந்துச்சு. இல்லன்னு சொன்னா என் காது மட்டம்னு ஆய்டும்னு பயந்துட்டேன்."

இது விக்டோரியாவை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது. தான் ஏமாந்தது தன்னோடு நிற்கவில்லை, பக்கத்து நாற்காலிக்கும் போயிருக்கிறது. இனி பெட்டியில் ஏறிக் கடை கடையாகவும் போகும்.

பெட்டி அந்த வாரம் வியாழக்கிழமை வந்தது. அட்டை கட்டுக் கட்டாக இறங்கியது. பிரித்து மடித்துப் பெட்டியாக்கியதும் பக்கவாட்டில் விக்டோரியாவின் முகம் சிரித்தது. அவள் முகத்துக்குள் அவளே ஆம்ப்ளிஃபயரை வைத்து மூட வேண்டும். சூப்பர்வைசர் முன்னூறு பெட்டி என்று சொல்லிவிட்டுப் போனார். டீலர்கள் சனிக்கிழமை வருகிறார்கள்.

முதல் பெட்டியை மூடினாள். கையில் பழுப்பு டேப் இருந்தது. பெட்டியின் வாயை ஒட்டியபின் இன்னொரு துண்டு கிழித்தாள். பக்கவாட்டில் தன் முகத்தின் குறுக்கே ஒன்று, வரியின் குறுக்கே ஒன்று என்று அழுத்தி ஒட்டினாள். இரண்டாவது பெட்டிக்கும் அப்படியே. பேக்கிங்கில் இருந்த மற்ற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "இன்னாக்கா பண்றே, வேல பூடும்" என்றாள் ஒருத்தி. விக்டோரியா அடுத்த பெட்டியை எடுத்தாள். ஒரு பெட்டிக்கும் கணக்குத் தவறாமல், ஒரு பெட்டியையும் நசுக்காமல், ஒழுங்காக வேலை செய்தாள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் முன்னூறு பெட்டியும் அடுக்கி முடிந்தது. முன்னூறிலும் அவள் முகம் இல்லை.

சனிக்கிழமை காலை டீலர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். பரணிதரன் அவர்களை ஸ்டோர் வழியாக அழைத்துவந்தார். அடுக்கின் முன் நின்றதும் அவர் பேச்சு பாதியில் அறுந்தது.

"யாரு செஞ்சது இது?"

"நான்தான் சார்." விக்டோரியா மேசைக்குப் பின்னாலிருந்து வந்தாள்.

"என்ன தைரியம் உங்களுக்கு? இது கம்பெனி சொத்து!"

"பொட்டி கம்பெனிது சார். மிஷினும் கம்பெனிது. மூஞ்சி என்னுது, வார்த்த என்னுது. அத்த மட்டும் திருப்பி எடுத்துக்கினேன்."

"போட்டோ எடுக்கும்போது சம்மதிச்சீங்க!"

"கேட்டுச்சுன்னு நெனச்சு சம்மதிச்சேன். கேக்கல. கேக்காதத கேட்டேன்னு ஊரு முச்சூடும் சொல்லிகினு போனா, நாளைக்கு நான் ஒரு ஸ்பீக்கர செவப்புன்னு தள்ளும்போது எவன் நம்புவான்?"

பரணிதரன் வாசல் கேட்டைக் காட்டி வாயைத் திறந்தார். அதற்குள் டீலர்களில் ஒருவர் குறுக்கே வந்தார். தணிகாசலம் என்று பெயர், சென்னையில் முப்பது வருடமாகக் கடை வைத்திருப்பவர், கனத்த உடம்பு. "இருங்க தம்பி. இந்தம்மா என்ன சொல்றாங்க? விக்கிறவன் நான். கஸ்டமர் என் சட்டையத்தான் பிடிப்பான். எனக்கும் தெரியணும்ல" என்றார்.

விக்டோரியா சொன்னாள். நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். கடைசியில், "நான் சொல்றத நம்பவேணாம் சார். மூடி வெச்சிட்டு நீங்களே கேளுங்க" என்றாள்.

எல்லோரும் பரணிதரனைப் பார்த்தார்கள். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். "சரி. நான் உக்கார்றேன். எத்தனை தடவை வேணாலும் வைங்க" என்றார். அவர் குரலில் பயம் இல்லை. தன் காதின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

டெமோ அறையில் தார்ப்பாய் கட்டினார்கள். மீட்டரை வைத்து வால்யூமைச் சமமாக்கியபோது, தணிகாசலம் குனிந்து முள்ளைத் தானே பார்த்துக்கொண்டார். மெயின்டனன்ஸ் ஆள் என்று லோகுவைக் கூப்பிட்டு உள்ளே அனுப்பினார்கள். போகும்போது அவன் பையிலிருந்து ஒரு காசை எடுத்துக்கொண்டான். பதினாறு முறை என்று பேசிக்கொண்டார்கள். பரணிதரன் தனக்குப் பிடித்த பாட்டையே வைக்கச் சொன்னார். கண்ணை மூடி, தலையை லேசாக ஆட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் யோசிக்காமல் எழுதினார். ஆறாவது தட்டுக்குப் பிறகு யோசிக்க ஆரம்பித்தார். பத்தாவதில் எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதினார். கடைசியில் தாளைத் தணிகாசலத்திடம் கொடுத்தார்.

பதினாறில் ஏழு சரி.

யாரும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை" என்றார் பரணிதரன். இன்னொரு பதினாறு. அறைக்குள் ஏசி சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. இந்தமுறை எட்டு.

அவர் எழுந்து, தார்ப்பாயை விலக்கி, இரண்டு ஆம்ப்ளிஃபயரையும் வெகுநேரம் பார்த்தார். மூடியைத் திறந்து அந்தக் கெப்பாசிட்டர்களைத் தொட்டுப் பார்த்தார். விக்டோரியாவுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அந்த முதல் நாள் மஞ்சள் விளக்கு எரிந்தபோது தனக்கு வந்த சந்தோஷம் அவளுக்கு மறக்கவில்லை. அவருக்கு அது வருடக்கணக்காக வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் அவர் திரும்பியதும், "நான் வீட்டுல கேக்குறது கேக்குறதுதான். இந்த ரூம் சரியில்லை" என்றார்.

"ரூம மாத்துங்க சார். அங்கயும் மூடி வெச்சிக் கேளுங்க" என்றாள் விக்டோரியா.

அவர் வெளியே போய்விட்டார்.

தணிகாசலம் போகும்போது பழைய மாடலில் நாற்பதுக்கு ஆர்டர் எழுதிக் கொடுத்தார், கோல்டில் ஒன்றுகூட எழுதவில்லை. "எனக்குக் காது கிடையாதும்மா, கடைதான் இருக்கு" என்று விக்டோரியாவிடம் சொன்னார். மற்ற டீலர்கள் சிலர் கோல்டை எடுத்தார்கள். விலை கூடுதலாக இருந்தால் வாங்குவதற்கு ஆள் இருக்கிறது என்றார்கள். அதையும் அவள் காதுபடவே சொன்னார்கள்.

அவளை வேலையைவிட்டு எடுப்பார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளும்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தன் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். அன்புராஜ் அதை எடுத்து மறுபடி கீழே வைத்தான். "துரத்தட்டும், அப்போ மேல வெச்சிக்கலாம்" என்றான். துரத்தவில்லை. கோல்டு வந்தது, விற்றது. அதை வாங்கியவர்கள் பலர் வித்தியாசம் மலைபோலத் தெரிகிறது என்று இணையத்தில் எழுதினார்கள். பெட்டியை மறுபடி அச்சடித்தபோது விக்டோரியாவின் முகம் இருந்த இடத்தில் ஒரு மலைத்தொடரின் படம் இருந்தது. 'பயிற்சி பெற்ற செவி' என்ற வார்த்தையே எங்கும் இல்லை.

டீலர்கள் வந்து இரண்டு வாரம் கழித்துப் பரணிதரனே பேக்கிங்குக்கு வந்தார். ஸ்பீக்கர் லைனுக்குத் திரும்பிப் போகும்படி சொன்னார். ரம்யா தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்றார். மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை, பழைய கதையையும் எடுக்கவில்லை.

"போறேன் சார். ஒரு கண்டிஷன்."

"என்ன?"

"டெய்லி காலைல லோகு எங்க ரெண்டு பேருக்கும் ஒரு டெஸ்ட்டு வெக்கணும். கெட்டது அஞ்சு, நல்லது பதினஞ்சு, எங்களுக்குத் தெரியாம கலந்து. அஞ்சுல ஒண்ணுக்கு மேல வுட்டா அன்னிக்கு அந்த சேர்ல உக்காரக் கூடாது."

"யாரும் உங்களை அப்படிக் கேக்கலையே?"

"நான் கேக்குறேன் சார்."

பரணிதரன் தலையை ஆட்டினார். "சரி" என்றார். அதற்கப்புறம் அவர் டெமோ அறைக்கு வருகிறவர்களுக்குக் கோல்டைத் தன் கையாலேயே போட்டுக் காட்டினார். விக்டோரியாவை ஒருபோதும் அழைக்கவில்லை.

மார்ச்சிலிருந்து ஜூலை வரை அவள் ஒரு நாளும் தவறவில்லை. ரம்யா இரண்டு நாள் தவறினாள். அந்த இரண்டு நாளும் முகத்தைத் தூக்கிக்கொண்டு பேக்கிங்குக்குப் போனாள். ஜூலைக் கடைசியில் விக்டோரியாவுக்குச் சளி பிடித்தது. தலை கனத்தது, காது அடைத்திருந்தது. லோகு ஓட்டிய இருபதில் கெட்டது இரண்டைப் பச்சை என்று அழுத்திவிட்டாள்.

லோகு தாளைப் பார்த்தான். "சளிதானேக்கா. இன்னிக்கு ஒரு நாள் உக்காரு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றான்.

"எனக்குத் தெரியும்."

"சூப்பர்வைசரு கேட்டா இன்னா சொல்லட்டும்?"

"கேக்கலன்னு சொல்லு" என்றாள் விக்டோரியா. தாளில் கையெழுத்துப் போட்டாள். நாற்காலியை ரம்யாவின் பக்கம் தள்ளிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க லைனின் குறுக்கே நடந்து பேக்கிங்குக்குப் போனாள்.